கணவனையும் கிளினிக்குக்குக் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறேன். வயது 36. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. அதில் ஐந்து வருஷம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தது என் மனைவி மட்டும்தான்.

விடியுமுன்னே ஹட்டனுக்கு வந்து, கண்டி பஸ்ஸில் பைலை மடியில் வைத்துக்கொண்டு போவாள். ஒருமுறை கர்ப்பப்பைக் குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று திரும்பி வந்தவள் வயிற்றைப் பிடித்தபடி லயத்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரிப்போர்ட் எல்லாம் சரியாகவே வந்தன. ஆனாலும் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது, "வயித்துல புழு பூச்சி ஒண்ணும் இல்லையா?" என்ற கேள்வி அவளுக்குத்தான். என் அம்மா கோயில் மரத்தில் தொட்டில் கட்டியதும் அவளுக்காகத்தான்.

எனக்கோ இரண்டு வருஷமாக நீர்க்கடுப்பு. அடிவயிற்றுக்குக் கீழே ஒரு பாரம், மனைவியோடு சேர்ந்த பிறகு வலி. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். டிஸ்பென்சரியில் கடுப்பை மட்டும் சொன்னேன். மூன்று நாளைக்கு மாத்திரை தந்தார்கள், வேறெதுவும் கேட்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என் லயத்து ஆட்கள். மற்றதை எப்படிச் சொல்வது?

போன வருஷம் கண்டியில் ஒரு டாக்டர், "இனிமேல் புருஷனோடு வாருங்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போனேன். சலப்பைக்கு அடியில் சலக்குழாயைச் சுற்றி புரோஸ்டேட் என்ற சுரப்பி இருப்பதை அன்றுதான் அறிந்தேன். விந்தில் ஏறக்குறைய கால்பங்கு அதில் சுரக்கும் நீராம். வெளியே வந்ததும் விந்து கட்டியாக இருக்கும். அதை அரைமணி நேரத்துக்குள் இளகவைப்பது அந்த நீர். இளகினால்தான் விந்திலுள்ள உயிரணு நீந்தும். என்னுடையது ஒரு மணி நேரமாகியும் இளகவில்லை, சீழ் அணுக்களும் கூடுதல். எண்ணிக்கையில் குறையில்லை, ஆனால் அசைந்தவை 100க்கு 18. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன குறைந்த அளவு 42.

புரோஸ்டேட்டில் கிருமி இருந்ததால் நான்கு கிழமை மருந்து. உயிரணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபரிசோதனை. இப்போது அசைபவை 100க்கு 39, கடுப்பும் இல்லை. புரோஸ்டேட் நோய் வந்த எல்லாருக்கும் பிள்ளை தங்காமல் போவதில்லை என்றும் டாக்டர் சொன்னார். ஆனால் பார்க்காமல் தெரியாதே.

இடையில் ஒரு சாரதி, தன் அப்பாவின் புரோஸ்டேட் மாத்திரையை எனக்குத் தந்தார். நல்ல காலம், விழுங்கவில்லை. வயதானவர்களுக்குச் சலம் தடையின்றிப் போகக் கொடுக்கும் அந்த வகை மருந்துகளில் சில, விந்தை வெளியே வரவிடாமல் சலப்பைக்குள் திருப்பிவிடுமாம்.

மனைவியிடம் நானும் அம்மாவும் மன்னிப்புக் கேட்டோம். அவள் எதுவும் பேசவில்லை, அந்தப் பைலை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

லயத்துக்கு வரும் மிட்வைப் மிஸ்ஸிமார் கணவனிடமும் பேச வேண்டும். பிள்ளை தங்கவில்லை என்றால் முதல் நாளே இருவரையும் பரிசோதிக்க வேண்டும். விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை. டிஸ்பென்சரியில் ஆண்கள் தனியாகப் பேச இடம் வேண்டும். வரிசைக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை இருந்திருந்தால் அன்றைக்கே நான் வாய் திறந்திருப்பேன்.

கொழுந்து லொறி சாரதி,
பொகவந்தலாவை