மீனாவுக்கு, சைக்கிள் விஷயமாக

சேலையூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் இருக்கும். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்து விடும் வேலை இப்போது உன் தலையில்தான் விழுந்திருக்கும். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் ஹாஸ்டலிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போன் பேசுகிறாள். பணம் வேண்டுமென்றால் கொஞ்சம் நீளமாகப் பேசுவாள். அவர் ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று இப்போதே எண்ண ஆரம்பித்துவிட்டார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். திருச்சியில் மாம்பழச் சாலையிலிருந்து தெப்பக்குளத்துப் பள்ளிக்கூடம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியவில்லை, ஸ்கூட்டர் என்றால் பயம், லைசென்ஸும் இல்லை, உன்னை மாதிரி எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கினால் சரிப்படுமா என்று எழுதியிருக்கிறாய். தாராளமாகச் சரிப்படும். அந்தத் தூரத்துக்கென்றே செய்த வண்டி அது. நான் இங்கே வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரை அதில் போய், ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயில் ஏறுகிறேன். ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்ற காலம் போயே போய்விட்டது.

கடையில் முதலில் மோட்டாரைப் பற்றித்தான் பேசுவார்கள். அதில் பெரிதாகத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. மோட்டார் 250 வாட்டுக்குள்ளும், வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமாகக் கணக்கில் வராது. லைசென்ஸ், பதிவு, நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம். அதனால் நம் விலைக்கு வருகிற சைக்கிள்கள் பெரும்பாலும் பின்சக்கரத்தின் நடுவில் 250 வாட் மோட்டாரோடுதான் வருகின்றன. "மேடம், வேகத்தை ஏற்றித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஏற்றிய நிமிஷமே அந்தச் சலுகை போய்விடும். பிரேக்கும் அந்த வேகத்துக்கு ஏற்றதாக இருக்காது.

எனவே நீ சைக்கிளைப் பார். ஏற, இறங்க வருகிறதா, பிரேக் கைக்கு எட்டுகிறதா, பஞ்சரானால் உன் தெருவில் யார் கை வைப்பார்? இவை சரியாக இருந்தால் மோட்டார் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பிரேமிலிருந்து ஆரம்பி. 91, 92ல் எழுத்தறிவு கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டை முழுக்கப் பெண்கள் சைக்கிள் விட்டபோது லேடீஸ் சைக்கிள் எங்கே கிடைத்தது? ஜென்ட்ஸ் சைக்கிளில்தானே பழகினோம். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதுவே தேவலை என்றவர்களும் உண்டு. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊருக்கு வருகிறார் என்றால் நாம் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றோமே! இப்போது கம்பிக்கு மேலே காலைத் தூக்கிப் போட உன் முட்டியும் ஒத்துக்கொள்ளாது, என் முட்டியும் ஒத்துக்கொள்ளாது. அதோடு இந்த வண்டி 20 கிலோவுக்கு மேல் இருக்கும். ஏறும்போது சாய்ந்தால் பிடித்து நிறுத்துவது கஷ்டம். கம்பி தாழ்ந்து வளைந்த பிரேமாகவே கேள். கடையில் முன்னால் நிறுத்தியிருப்பதெல்லாம் மலை ஏறப்போகிறவனுக்குச் செய்ததுபோலத் தடித்த டயரும், மட்கார்டு இல்லாத சக்கரமுமாக இருக்கும். உனக்கு மட்கார்டு வேண்டும், கேரியர் வேண்டும், செயின் கவர் வேண்டும். பரீட்சைப் பேப்பர் கட்டு எதில் வரும் என்று யோசித்துப் பார்.

பள்ளிக்குச் சுடிதார் போடலாம் என்றாலும் நீ புடவையை விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே பின்சக்கரத்துக்குச் சேலை கார்டு போடச் சொல். போடும்போது பக்கத்திலேயே நில். மோட்டாரின் ஒயர் பின் அச்சின் ஒரு பக்கத்திலிருந்து வெளியே வரும். கார்டின் கிளாம்ப் அதை நசுக்கக் கூடாது. கடைக்குப் போகும்போதும் புடவையிலேயே போய் ஓட்டிப் பார்.

அடுத்து பேட்டரி. அட்டையில் 40 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, நம் கணக்கைப் போடுவோம். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் வாட்-அவர், அதாவது பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு. 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் சுமார் 280. நாமும் மிதித்துக்கொண்டு நிதானமாகப் போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-அவர் செலவாகும். 28 கிலோமீட்டர் வருகிறதா? மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை மட்டும் முறுக்கிக்கொண்டு போனால் அது பதினைந்து, இருபது என்று குறைந்துவிடும். உனக்குப் போய்வர பத்து கிலோமீட்டருக்குள்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ் போட்டால் போதும். பெரிய பேட்டரிக்கு ஆசைப்பட்டு எடையைக் கூட்டிக்கொள்ளாதே. கரண்ட் செலவைக் கேட்டால் சிரிப்பாய்: பத்துத் தடவை முழுதாகச் சார்ஜ் போட்டாலும் மூன்றரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும். பணம் போவது பேட்டரி வயதாகி மாற்றும்போதுதான். அதனால் அதன் வாரண்டி எத்தனை வருஷம், தனியாக வாங்கினால் என்ன விலை, திருச்சியிலேயே கிடைக்குமா என்று பில் போடுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள். சாவி போட்டுக் கழற்றும் பேட்டரியாக இருப்பது நல்லது. நான் ஸ்டாண்டில் விடும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன். இரண்டு கிலோ சொச்சம். டிபன் கேரியரோடு அதுவும் வருகிறது.

ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனி. நம் பட்ஜெட்டில் வருபவற்றில் பெரும்பாலும் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் அறியும் சென்சார்தான் இருக்கும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறாய் என்பது அதற்குத் தெரியாது. நீ பெடலை லேசாகச் சுற்றினாலே வண்டி திடீரென்று முன்னே பாயும். மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும். வெறும் ரோட்டில் இது சுகம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் ஆபத்து. ஹேண்டிலில் இருக்கும் பட்டனால் மோட்டார் தரும் உதவியின் அளவை ஒன்றில் வைத்துக்கொள், நெரிசலில் பூஜ்யத்துக்கே கொண்டுவந்துவிடு. அப்புறம் பிரேக்கை ஒரு விரலால் லேசாகத் தொட்டாலே மோட்டார் நின்றுவிட வேண்டும். லீவருக்குள் அதற்கு ஒரு சுவிட்சு வைத்திருப்பார்கள். கடையில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஆக்ஸிலேட்டரைத் திருகிச் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒவ்வொரு பிரேக்காகத் தொட்டுப் பார். இரண்டிலும் மோட்டார் சத்தம் பட்டென்று அடங்கினால் சரி. ஒன்றில் அடங்கவில்லை என்றாலும் அதைச் சரிசெய்து தந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கடைக்காரர் சீட்டை ஏதோ ஓர் உயரத்தில் வைத்துக் கொடுப்பார், நாமும் அப்படியே ஓட்டி முட்டி வலிக்கிறது என்போம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வை. கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் அளவு. சிக்னலில் கால் ஊன்றத் தயக்கமாக இருந்தால் முதல் மாதம் ஒரு விரற்கடை இறக்கி வைத்துக்கொள், பழகியதும் ஏற்று. சீட்டுக் குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது.

பிரேக் லீவரைப் பார். அது இருக்கிற தூரம் பெரிய கைக்கு ஏற்றது. உனக்கும் எனக்கும் விரல் நுனிதான் எட்டும். பெரும்பாலான லீவர்களில் உள்பக்கம், ஹேண்டிலை ஒட்டினாற்போல், ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும். அதைச் சின்ன ஆலன் கீயால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் லீவர் ஹேண்டிலுக்கு அருகே வரும். இரண்டு விரலின் நுனிக்கு அடுத்த கணு லீவரில் படும்வரை கொண்டுவா. கடையில் இதைச் சொன்னால் "ஓ, இப்படி ஒன்று இருக்கா" என்று அவர்களே கேட்டாலும் கேட்பார்கள். புது டிஸ்க் பிரேக் முதலில் வழுக்கும். ஆள் இல்லாத தெருவில் கொஞ்சம் வேகம் எடுத்து, நிற்காமல் மெதுவாக்குவதைப் பலமுறை செய்தால் பிடிக்க ஆரம்பிக்கும். ஒரு மாதத்தில் கேபிள் இளகும். ஃப்ரீ சர்வீஸைத் தவறவிடாதே. அப்போதே பின்சக்கரத்துக் கம்பிகளையும் இறுக்கிப் பார்க்கச் சொல். மோட்டார் எடையால் அவை சீக்கிரம் தளரும்.

காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். குறைந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும், ட்யூபும் ரிம்மில் மாட்டிப் பஞ்சராகும். பஞ்சர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் கேம்ப் ரோடு பக்கத்துப் பஞ்சர் கடைத் தாத்தா என் வண்டியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார், ஒயர் இருக்கிறது என்று. சக்கரத்தைக் கழற்றாமலேயே டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து ஒட்டலாம் என்று நான் சொன்னதும் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். இப்போது தெருவில் யார் எலக்ட்ரிக் சைக்கிள் கொண்டுவந்தாலும் நான் சொன்ன மாதிரியே அவர்களுக்கும் விளக்குகிறார்! நீ வாங்குமுன் உங்கள் தெரு ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

காவிரிப் பாலத்துக்கு ஏறும்முன் கியரைக் குறைத்துவிடு. ஏற ஆரம்பித்த பிறகு குறைத்தால் செயின் கடமுடா என்னும். மோட்டார் பின்சக்கரத்தில் இருப்பதால் கியரால் அதற்கு லாபமில்லை, உன் காலுக்குத்தான் லாபம். ஆடிக் காற்று அங்கே மேற்கேயிருந்து குறுக்கே அடிக்கும். முந்தானையைச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடி.

திருச்சி வெயிலில் வண்டியைப் பள்ளி மைதானத்தில் விடாமல் ஏதாவது மரத்தடியில் விடு. வீட்டுக்கு வந்த சூட்டோடு சார்ஜ் போடாதே, சமையல் முடிகிற நேரத்துக்குப் போடலாம். கூட வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றை மாட்டாதே, எல்லோரும் தூங்கும்போதும் வேண்டாம். மே மாத லீவில் வண்டி சும்மா நிற்குமென்றால் பாதி சார்ஜில் வை. மழையில் நனைந்தால் ஒன்றும் ஆகாது. தேங்கிய தண்ணீரில் பின் அச்சு முழுகும் அளவுக்கு மட்டும் இறக்காதே.

விலை முப்பதாயிரத்தை ஒட்டி வரும். ஹீரோ லெக்ட்ரோ, ஈமோட்டோராட் என்று பெயர்கள் சொல்வார்கள். எந்தப் பெயரானாலும் சர்வீஸ் திருச்சிக்குள் இருப்பதாகப் பார்த்து எடு.

சனிக்கிழமை கடைக்குப் போவதாக எழுதியிருந்தாய். உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போ, ஆனால் ஓட்டிப் பார்ப்பது நீயாக இருக்கட்டும். கடையில் நிற்கும்போதே எனக்குப் போன் செய். சேலை கார்டு, ஸ்டாண்டு எல்லாம் விலைக்குள் சேர்த்துத் தரமாட்டேன் என்றால் கடைக்காரரிடம் போனைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
கலா

பி.கு.: போன முறை நீ அனுப்பிய மாவடு தீர்ந்துவிட்டது. இந்த வருஷம் ஜாடி கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.