ஆறு வாரத்துல முடிஞ்சு போற விஷயமா இது? ஆமிஷ், மெனோனைட் மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழமைவாத ஆமிஷ், மெனோனைட் சபைகளோட பிஷப்மார்களுக்கும் மூப்பர்களுக்கும், ஸ்தோத்திரம்.

பழைய எளிய வாழ்க்கை முறையை விடாம, வெளி உலகத்துலேர்ந்து ஒதுங்கி வாழுற கிறிஸ்தவ சபைங்க உங்களோடது. நான் உங்க சபை ஆள் இல்ல. நீங்க படிக்கிற அதே வேதத்தை தமிழ்ல படிக்கிறவ, அந்த உரிமைல உங்க சபைகள்ல பொம்பளைங்க, பிள்ளைங்க மேல நடக்கிற பாலியல் வன்கொடுமையைப் பத்தி கேக்குறேன்.

பின்னணி உங்களுக்கே தெரியும். பொலிவியால மனிட்டோபாங்கற மெனோனைட் காலனில 2005லேர்ந்து 2009 வரைக்கும், மாட்டுக்கு குடுக்குற மயக்க மருந்தை ஜன்னல் வழியா அடிச்சு, வீடு வீடா பொம்பளைங்களையும் குழந்தைங்களையும் நாசம் பண்ணாங்க. காலைல தலைவலியும் ரத்தக்கறையுமா எழுந்தவங்க வாய தொறந்தா அது பேயோட வேலை, இல்லன்னா கற்பனைன்னாங்க. மயக்கத்துலதானே இருந்தாங்க, அவங்களுக்கு எதுக்கு கவுன்சிலிங்னு அங்க இருந்த பிஷப்பே கேட்டதா படிச்சப்போ எனக்கு கை நடுங்கிருச்சு. ஆனா கடைசில அந்த ஆளுங்களை போலீஸ்ல ஒப்படைச்சதும் அதே காலனிக்காரங்கதான், 2011ல ஏழு பேருக்கு 25 வருஷம் தண்டனை ஆச்சு. அங்க முடிஞ்சது அமெரிக்கால, பென்சில்வேனியாலயும் ஓஹையோலயும் ஏன் முடியல?

அங்கெல்லாம் நடக்கிறது என்ன? தப்பு பண்ணவன் சபை நடுவுல முழங்கால் போட்டு அறிக்கை பண்றான், ஆறு வாரம் விலக்கி வைக்கிறீங்க, அப்புறம் கைகுடுத்து சேத்துக்கறீங்க, அதோட கதை முடிஞ்சுது. அந்தப் பொண்ணுக்கு? பல நேரம் அவன் சொந்த அண்ணனாவே இருப்பான், அதே கூரை, அதே சாப்பாட்டு மேசை. சபை கூடுற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும் ஊறுகாயும் மேசைல வைக்கிறப்போ, ஆம்பளைங்களுக்கு காபி ஊத்துறது பொம்பளைங்க வேலை, அவன் கப்புலயும் அவதான் ஊத்தணும், முகத்துல ஒன்னும் காட்டக்கூடாது. காட்டினா மன்னிக்காத பாவம் அவ மேல வந்துரும், மறுபடி பேச்செடுத்தா அவளையே கண்டிப்பீங்க. எட்டாம் கிளாஸோட படிப்பு நின்னுபோன பொண்ணு அது, தனக்கு நடந்ததுக்கு என்ன பேருன்னே யாரும் சொல்லிக் குடுக்கல, அவ யார்கிட்ட போவா?

அதனால கேக்குறேன், இப்படி ஒன்னு காதுக்கு வந்தா மொதல்ல போலீஸுக்கு போன் பண்ணுங்க. மூப்பர் கூட்டம், அறிக்கை எல்லாம் அப்புறம். பென்சில்வேனியால போதகர்களும் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும்னு சட்டமே இருக்கு.

மத்தேயு 18ஐ காட்டி, சகோதரன் தப்பு பண்ணா தனியா போய் பேசுங்கறீங்க, ஏழெழுபதுதரம் மன்னிங்கறீங்க. அதே அதிகாரத்துல அதுக்கு மேல ஆறாம் வசனம் இருக்கே, சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்கினவன் கழுத்துல ஏந்திரக்கல்லை, அதான் மாவரைக்கிற கல்லை, கட்டி அவனைக் கடல்ல அமிழ்த்துறதே அவனுக்கு நலம்னு சொல்றது, அதை யாருக்குப் பிரசங்கம் பண்றீங்க? சபை பேர் கெட்டுரும்னு பயப்படுறீங்க. ஓஹையோவுல இருக்கிற ஒரு பெரிய மிஷன் நிறுவனத்துல, ஹைட்டில வேலை பாத்த ஒருத்தன் பாலியல் தப்பு பண்ணது பத்தி 2013லயே ரெண்டு மேனேஜருங்களுக்குத் தெரியும், இருந்தும் அவன் அங்கயே தொடர்ந்து இருந்தான், 2019ல எல்லாம் வெடிச்சு வெளிய வந்துச்சு. நடுவுல அத்தனை வருஷம் பசங்க இருந்த ஊர்ல அவன் இருந்தான், பேரும் காப்பாத்தப்படல. 2020ல வந்த ஒரு பத்திரிகை விசாரணைல ஏழு மாநிலத்துல 52 கேஸ் ஆமிஷ் சபைங்கள்ல மட்டும். இன்னும் எத்தனை பிள்ளைங்க வாய மூடிட்டு இருக்கணும்?

கோவத்துல எழுதிட்டே போறேன், மன்னிக்கணும். உங்க எளிமையான வாழ்க்கை மேலயும் சமாதானத்துல நீங்க வச்சிருக்கிற உறுதி மேலயும் எனக்கு நெஜமாவே மரியாதை இருக்கு. அதனாலதான் திரும்பவும் பணிவா கேக்குறேன், மொதல் போன் போலீஸுக்குப் போகட்டும். அடுத்த சபைக் கூட்டத்துல எல்லா பொம்பளைங்க, பிள்ளைங்க காது கேக்க சொல்லுங்க: போலீஸ்கிட்ட போனா உங்களை யாரும் கண்டிக்க மாட்டோம், கூட நாங்களே வர்றோம்னு.