ஆற்றில் நின்ற நேரத்துக்குச் சான்றிதழில் இடமில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மருத்துவர்களின் தொடர்கல்விப் பயணங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மருந்து நிறுவனங்களின் செலவில் நடக்கும் வெளிநாட்டுச் சுற்றுலாக்களைக் கட்டுரையாளர் கண்டித்திருப்பது முழுக்கச் சரி. இந்திய மருத்துவர்கள் நிறுவனங்களிடமிருந்து பரிசோ பயணச் செலவோ பெறக் கூடாது என்று 2009-லேயே விதி வந்துவிட்டது. மருந்து நிறுவனங்கள் இத்தகைய கருத்தரங்குகளை வெளிநாட்டில் நடத்தக் கூடாது என்று 2024-இல் வந்த நடத்தை நெறியும் சொல்கிறது. அதற்குப் பிறகும் இது நடக்கிறது என்றால் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் கட்டுரையின் நடுவே, “அமெரிக்காவில் மீன் பிடித்துக்கொண்டே படித்ததாகச் சான்றிதழ் வாங்குகிறார்கள்” என்று ஒரு வரி வருகிறது. அப்படி ஒரு பயணத்துக்குப் போய்வந்தவள் நான். அந்த வரியை மறுத்தே ஆக வேண்டும்.

திருநெல்வேலியில் பிறந்த நான், கலிபோர்னியாவில் பல் மருத்துவராக இருக்கிறேன். இங்கே உரிமத்தைப் புதுப்பிக்க இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 50 மணி நேரத் தொடர்கல்விக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் பாதிக்கு மேல் பதிவுசெய்த பாடங்களாக இருக்கக் கூடாது; மீதிக்கு ஆசிரியர் முன்னால் உட்கார வேண்டும், அல்லது நேரலையிலாவது கலந்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகள் அந்த மணிகளை ஓட்டல் அரங்குகளில்தான் கழித்தேன். ஓர் அரங்கில் முந்நூறு பேர் காலையில் கையெழுத்துப் போட்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது பேர்கூட இல்லை. மாலையில் முந்நூறு பேருக்கும் முழு நேரச் சான்றிதழ் கொடுத்தார்கள். அன்று எனக்கு வந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜூலை மாதம், பதினான்கு பல் மருத்துவர்கள் சேர்ந்து மொன்டானா மாநிலத்தில் எனிஸ் என்ற சிற்றூரில் ஐந்து நாள் தங்கினோம். ஊரை ஒட்டி மடிசன் ஆறு ஓடுகிறது. காலையில் ஆறு, பிற்பகலில் வகுப்பு. இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். நீர் சூடேறிய நேரத்தில் பிடித்தால், திரும்ப விட்டாலும் செத்துவிடக்கூடும். ஆற்றுநீர் மூன்று நாள் தொடர்ந்து 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை (ஏறக்குறைய 23 செல்சியஸ்) தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுவது அம்மாநில வழக்கம். ஆந்தை அலறும் அதிகாலையில் வேலை தொடங்கிய மரவெட்டிகளின் நினைவாக அதற்கு ‘ஹூட் அவுல்’ என்று பெயர். நாங்கள் இருந்த பகுதிக்குத் தடை வரவில்லை. ஆனாலும் ஏற்பாட்டாளர்கள் இரண்டு மணிக்கு மேல் யாரையும் தண்ணீரில் இறங்க விடவில்லை.

என் அப்பா தாமிரபரணியில் தக்கை கட்டி, மண்புழு கோத்துத் தூண்டில் போடுவார். இது வேறு வித்தை. முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரியே கட்டுகிறார்கள். அந்தப் பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது. ஈயக்குண்டும் இல்லை. தூண்டில் கயிற்றின் கனம்தான் அதைக் கொண்டுபோய் நீர்மேல் வைக்கிறது. பூச்சி கட்டுவதற்கு நாங்கள் வேலையில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடிதான் உதவியது. முள்ளைக் கழற்றுவதும் எங்கள் சிகிச்சைத் தட்டில் கிடக்கும் அதே இடுக்கியால்தான். கையை நனைத்த பிறகே மீனைத் தொட வேண்டும். பிடித்த அத்தனையையும் ஆற்றிலேயே விட்டோம்.

இனி படிப்புக்கு வருகிறேன். இதயநோயாளிகளுக்குப் பல் பிடுங்குமுன் தரும் ஆன்டிபயாட்டிக் பற்றி இரண்டாம் நாள் வகுப்பு. ஒரு காலத்தில் வால்வில் சிறு கோளாறு இருந்தாலே மாத்திரை கொடுத்தோம். 2007-இல் அமெரிக்க இதய சங்கம் அதைச் சுருக்கி, செயற்கை வால்வு பொருத்தியவர்கள், முன்பே இதய உள்ளுறையில் தொற்று வந்தவர்கள் போன்ற அதிக ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் என்றது. 2021-இல், பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு நாங்கள் வழக்கமாக எழுதிவந்த கிளிண்டாமைசினையும் கைவிடச் சொன்னது. ஒரே வேளை கொடுத்தாலும் அது கடுமையான குடல் தொற்றைக் கொண்டுவரக்கூடும் என்பதே காரணம்.

மறுநாள் காலை துடுப்புப் படகில் முன்னால் நான், பின்னால் எழுபதை நெருங்கும் ஒரு சக மருத்துவர், நடுவில் துடுப்புப் போடும் வழிகாட்டி. ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் வந்த பெரியவர், “நான் போன வாரம்கூட கிளிண்டாமைசின்தான் எழுதினேன். எனக்கு யாரும் சொல்லவில்லை” என்றார். முந்தைய நாள் வகுப்பில் அவர் வாய் திறக்கவே இல்லை. நான் அந்தப் பழக்கத்தை மாற்றிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, அதைச் சொன்னேன். பிறகு மதியம்வரை அவருடைய நோயாளிகள் ஒவ்வொருவரைப் பற்றியும் பேசினோம். முந்நூறு பேர் இருக்கும் அரங்கில் நாற்பது ஆண்டு அனுபவமுள்ளவர் எழுந்து நின்று தன் தவறைச் சொல்ல மாட்டார். நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த வழிகாட்டி, இந்த ஆற்றுக்கும் அப்படி ஒரு கதை உண்டு என்றார். வளர்ப்பு மீன்களைக் கொண்டுவந்து விட்டால் ஆறு செழிக்கும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. மாநிலத்தின் உயிரியலாளர் டிக் வின்சென்ட் இதே மடிசனில் எண்ணிப் பார்த்தார். வளர்ப்பு மீன்களை விட்ட இடங்களில் ஆற்றிலேயே பிறந்த மீன்கள் குறைந்திருந்தன. விடாத இடங்களில் பெருகியிருந்தன. மீன்பிடிப்பவர்களும் கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். ஆனாலும் டிரவுட் ஓடும் ஆறுகளில் வளர்ப்பு மீன் விடுவதை மொன்டானா 1974-இல் நிறுத்தியது. பெரியவர் துடுப்பின் சத்தத்தையும் மீறி அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்.

பணத்துக்கும் கணக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களில் யாருக்கும் எந்த நிறுவனமும் ஒரு டாலர் கொடுக்கவில்லை. வகுப்புக்குத் தனி ரசீது, படகுக்குத் தனி ரசீது. வகுப்புக் கட்டணத்தை வரிக் கணக்கில் கழித்தேன். படகுக் கூலியைக் கழிக்கவில்லை. 2017-இல் வந்த வரிச் சட்டத்துக்குப் பிறகு கேளிக்கைச் செலவைக் கழிக்க இடமும் இல்லை. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு நாள் இருபது நிமிடம் தாமதமாக வந்தவருக்கு அந்த மணி கிடைக்கவில்லை.

கட்டுரையாளர் எங்களைப் போன்றோரிடம் கேட்டிருக்க வேண்டியவை இரண்டு கேள்விகள்தான்: பணம் யார் கொடுத்தது, மணியை எப்படி எண்ணினார்கள். ஓட்டல் அரங்குகளிலும் அதையே கேட்கட்டும் என்று வேண்டுகிறேன். அங்கே வரும் பதில் இதைவிட மோசமாக இருக்கலாம்.

என் சான்றிதழில் இருப்பது 12 மணி நேரம். ஆற்றில் கழிந்த ஒரு நிமிடம்கூட அதில் சேரவில்லை. சான்றிதழின் நகலையும் இரண்டு ரசீதுகளின் நகலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கட்டுரையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பல் மருத்துவ வாசகி ஒருவர்,
ஃப்ரெஸ்னோ, கலிபோர்னியா