டிக்கெட்டை நீயே போடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பார்க்கச் சொன்ன 'ப்ளீஸ் ஸ்டாண்ட் பை' படத்தை ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மா நடுவில் எழுந்து போய் அரிசி ஊறப் போட்டுவிட்டு வந்தாள். அரிசிக்கு அப்போது ஒன்றும் அவசரமில்லை. ஆட்டிசம் உள்ள அந்தப் பெண் வெண்டியை பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுகிற இடம் அது.

"வெண்டி தனியாகக் கிளம்பிப் போனது சரியா, தப்பா?" என்று கேட்டிருக்கிறாய். சென்னை இன்டர்வியூவுக்கு ராத்திரி பஸ்ஸில் தனியாகப் போகிறேன் என்று நீ சொன்னபோது யோசித்துச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? யோசித்துவிட்டேன். போய்விட்டு வா, கண்ணு. இதைக் கடைசி வரியில் வைத்தால் நீ மேலே உள்ளதைப் படிக்காமல் கீழே தேடுவாய், அதனால்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

இனி வெண்டி. கிளம்பியது சரி. கிளம்பின விதத்தில் எனக்கு நிறையக் குறை இருக்கிறது. ஆனால் அந்தக் குறையெல்லாம் அவளுடையது இல்லை. அக்காவுக்குக் குழந்தை வரப்போகிறது, இவளுக்குக் கோபம் வந்தால் என்ன ஆகுமோ என்று விடுதியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே கிழமைக்கு ஒரு நிற ஸ்வெட்டர், பன் கடையில் வேலை, மார்க்கெட் ஸ்ட்ரீட்டை எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாது என்று ஒரு கட்டளை. எல்லாம் நல்லதற்குத்தான். விடுதி நடத்துகிற அம்மாவும் தங்கமானவர். ஆனால் அந்த ரோட்டைத் தாண்ட வேண்டி வந்தால் எப்படித் தாண்டுவது என்று யாரும் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை. தாண்டாதே என்பதோடு பாடம் முடிந்துவிட்டது. ஒரு போட்டிக்காக எழுதின 'ஸ்டார் ட்ரெக்' கதையைத் தபாலில் போட்டால் கடைசி நாளுக்குள் போய்ச் சேராது என்றதும், சான் பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சொல்லாமல் கிளம்புகிறாள். சுமார் 600 கிலோமீட்டர். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். நீ சொல்லிவிட்டுப் போகிறாய். சொல்லிவிட்டுப் போக முடிகிற வீடாக இது இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். சர்வீஸ் முழுக்க கண்டக்டராகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவன் என்பதால், படத்தில் என் கண் வேறு எங்கும் போகவில்லை. நாய்க்குட்டியைக் கூட்டி வந்தாள் என்பதற்காக ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒரு பெண்ணை இறக்கிவிடுகிறார் டிரைவர். நாயை ஏற்றக் கூடாது என்பது ரூல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இறக்கிவிடுவதற்கும் இடம் உண்டு. அடுத்த ஸ்டாண்டு வரை கூட்டிப் போய் டைம்கீப்பரிடம் ஒப்படைப்பதுதான் எங்கள் பழக்கம். பிறகு பணம் பறிபோய், டிக்கெட் வாங்க முடியாமல், பஸ்ஸின் அடியில் சாமான் வைக்கிற டிக்கிக்குள் ஒளிந்துகொள்கிறாளே, அங்கே நான் டிவியைப் பார்த்துக் கத்திவிட்டேன். உள்ளே புகையும் சூடும் சேர்ந்தால் மூச்சு முட்டும். வெளியிலிருந்து பூட்டிவிட்டால் தட்டினாலும் டிரைவருக்குக் கேட்காது. சினிமா, தப்பித்துவிட்டாள்.

பொதுவாகப் புத்தி சொன்னால் உனக்குப் பிடிக்காது. அதனால் வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். பின் சக்கரத்துக்கு மேலே உள்ள சீட் வேண்டாம், கடைசி வரிசையும் வேண்டாம், குலுக்கலில் தூங்க முடியாது. நடுவில் ஜன்னலோரமாகப் பார்த்துப் போடு. வண்டி கிளம்பும் முன் முன்பக்கத்து நம்பர் பிளேட்டை போனில் படம் எடுத்துக்கொள். ராத்திரி ரோட்டோர ஹோட்டலில் நிறுத்துவார்கள். உனக்குக் கஷ்டமான இடம் அதுதான். டியூப்லைட் கண்ணைக் குத்தும், ஸ்பீக்கரில் பாட்டு அலறும், ஒரே நிறத்தில் ஏழெட்டு வண்டி வரிசையாக நிற்கும். பெரிய ஆட்களே வேறு வண்டியில் ஏறி உட்கார்ந்து, தன் சீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று சண்டைக்கு நிற்பார்கள். நான் எத்தனையோ பேரைக் கையைப் பிடித்து மாற்றி ஏற்றியிருக்கிறேன். இறங்கினால் காதில் உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, படத்தில் உள்ள நம்பரைப் பார்த்து ஏறு. பாத்ரூம் அவசரம் இல்லையென்றால் இறங்கவே வேண்டாம்.

ஏறும்போதே கண்டக்டரிடம் உன் அடையாள அட்டையைக் காட்டி, "எனக்கு ஆட்டிசம். ஹோட்டலில் வண்டி எடுக்கும்போது நான் வந்துவிட்டேனா என்று பாருங்கள்" என்று சொல்லிவிடு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது, ஆனால் கண்டக்டருக்குச் சட்டம் வேண்டாம், சீட் நம்பர் சொன்னால் போதும், ஞாபகம் வைத்துக்கொள்வார். அவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்றும் இல்லை. டிக்கெட் கிழிக்கிற நேரத்தில் யாரும் யார் கண்ணையும் பார்ப்பதில்லை. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் விடியும்வரை உள்ளேயே உட்கார், ஆட்டோக்காரர்கள் சூழ்ந்தால் பதில் சொல்லாதே, போர்டைப் பார்த்து மாநகரப் பேருந்து நிற்கும் பக்கம் நட.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த போலீஸ்காரர். பயந்து ஒளிந்திருப்பவளைப் பிடித்து இழுக்காமல், அவளுக்குப் பிடித்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வருகிற கிளிங்கன் பாஷையில் பேசுகிறார். சினிமாவுக்காகக் கட்டின பாஷைக்கு 1985-லேயே அகராதி வந்துவிட்டது என்று நீ சொன்னபோது நம்பவில்லை, அது நிஜம்தான் என்று சித்தப்பா பையன் தேடிக் காட்டினான். இயக்குநர் பென் லூயின் சிறு வயதில் போலியோ வந்து ஊன்றுகோலோடு நடப்பவராமே. அழ வைக்க வேண்டிய இடங்களிலெல்லாம் அவர் கைவைக்காமல் விட்டிருப்பது அதனாலோ என்று தோன்றியது. வெண்டியாக வருகிற டகோட்டா ஃபேனிங் நடிப்பு உன்னைப் போல இருந்ததா என்று அம்மா கேட்டாள். அதை நீதான் சொல்ல வேண்டும். எனக்கு இல்லை. நீ அவளைவிட அதிகம் சிரிப்பாய்.

போட்டியில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. 1 லட்சம் டாலர் போய்விட்டது என்று அம்மாவுக்கு வருத்தம். கிடைத்திருந்தால் எனக்குப் படம் பிடித்திருக்காது. ஜெயித்ததால்தான் அக்கா குழந்தையைத் தூக்கக் கொடுத்தாள் என்று ஆகியிருக்கும். தோற்றுப்போன கடிதம் வந்த பிறகும் குழந்தையை அவள் மடியில் வைக்கிறார்களே, அதுதான் கணக்கு. உனக்கும் இந்த வேலை கிடைக்கவில்லை என்றால், அடுத்த இன்டர்வியூவுக்கும் தனியாகத்தான் போவாய். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்று. உன் பெரியத்தை மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார். ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களுக்கான 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையில் இருக்கிற கமிட்டியில் மனுப் போட்டு, நான் உனக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட வேண்டுமாம். தேவைப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தச் சட்டம் பெரிய துணை. பேங்க்கில் உன் கையெழுத்தை நீயே போடுகிறாய், ஹாஸ்டல் வாடகையை நீயே கட்டுகிறாய். உனக்கு எதற்கு? அத்தையிடம் அப்படியே சொல்லிவிட்டேன். காபியைக் குடிக்காமல் எழுந்து போனார், திரும்பி வருவார்.

டிக்கெட்டை நீயே போட்டுவிட்டு சீட் நம்பரை மட்டும் எனக்கு அனுப்பு. போய்ச் சேர்ந்ததும் "சேர்ந்தேன்" என்று ஒரு மெசேஜ் போதும். நடுவில் நான் கூப்பிட மாட்டேன். அம்மா கூப்பிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
அப்பா