படுக்கை எத்தனைன்னு கேக்குறோம், கவுன்சிலர் எத்தனை பேருன்னு கேக்குறதில்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

போதை மறுவாழ்வு மையம் பத்தி நம்ம பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது. எத்தனை படுக்கை, எத்தனை கோடி ஒதுக்கீடு, யாரு திறந்து வெச்சாங்க, எல்லாம் இருக்கும், அங்க நோயாளிகிட்ட உக்காந்து பேசி ஆலோசனை சொல்ற கவுன்சிலரைப் பத்தி மட்டும் ஒரு வரி இருக்காது. நான் அந்த வேலை பாக்குறவ. சமூகப்பணியில முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ) முடிச்சதுல இருந்து இதேதான், அதான் எழுதுறேன்.

குடியை நிறுத்துறதுல டாக்டர் வேலை முதல் வாரம் பத்து நாள்ல முக்காவாசி முடிஞ்சிரும். கை நடுக்கம், வேர்வை, தூக்கமில்லாம இல்லாத பூச்சி சுவத்துல ஊருதுன்னு கத்துறது, இதெல்லாம் நிறுத்தின ரெண்டாவது மூணாவது நாள்தான் உச்சத்துக்குப் போகும், உயிருக்கே ஆபத்து, அதனால நடுக்கத்தை அடக்குற லிப்ரியம் மாத்திரை, விட்டமின் பி1 ஊசி, நர்ஸ் எல்லாம் கண்டிப்பா வேணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா உடம்பு தேறி வீட்டுக்குப் போனப்புறம் வர்ற ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இருக்கு பாருங்க, அது யாரோட வேலை?

ஒரு கொத்தனார் வந்தார். சனிக்கிழமை வாரக்கூலி கையில வாங்கினா நேரா கடைதான். "கடைப் பக்கம் போகக்கூடாதுன்னுதான் மேடம் நினைக்கிறேன், கால் தானா போகுது"ன்னாரு. உக்காந்து ஒரு பேப்பர்ல சைட்டுல இருந்து வீடு வரைக்கும் ரோடு போட்டோம், எந்தத் தெருவுல கடை, எங்க கூட்டாளிங்க நிப்பாங்க, எந்த சந்துல போனா ரெண்டுமே கண்ணுல படாதுன்னு. சனிக்கிழமை சாயந்திரம் அவர் சம்சாரம் சைட்டுக்கே வந்து காசை வாங்கிக்கிடணும்னு பேசி வெச்சோம், அதுக்கு அவருக்கு மேஸ்திரி முன்னாடி வெக்கமா இருக்குன்னு தனியா ஒரு நாள் பேச வேண்டி வந்துச்சு. சிகிச்சைன்னா இதுதாங்க. அந்த மனுஷனுக்குத் தூக்கம் வராம மனசு கனமா இருந்தது குடிக்கு முன்னாடியே இருந்த டிப்ரஷன்னு நாலாவது தடவை உக்காந்து பேசினப்பதான் வெளிய வந்துச்சு, அப்புறம் மனநல டாக்டர்கிட்ட அனுப்பி அதுக்குத் தனியா மாத்திரை ஆரம்பிச்சோம். குடியை மட்டும் நிறுத்திட்டு இதை விட்டிருந்தா திரும்பப் போயிருப்பார்.

ஆனா நான் அங்க தொடர்ந்து இருக்க முடியல. மானியத்துல ஓடுற சென்டர், மானியம் லேட்டானா சம்பளமும் லேட்டு, மாசக் கணக்குல. நோட்டு எழுதுறது, ரிப்போர்ட் அனுப்புறது, ஆள் இல்லைன்னா கேட்டுல நிக்கிறதுன்னு எல்லாம் கவுன்சிலர் தலையிலதான், பேரு மட்டும் கவுன்சிலர். வேற இடம் போறேன்னு சொன்னப்ப அந்த கொத்தனார் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "புதுசா வர்றவங்ககிட்ட எல்லாத்தையும் மறுபடி முதல்ல இருந்து சொல்லணுமா மேடம்?"

இந்த வேலைக்கு நம்ம ஊர்ல வழி போட்டுக் குடுத்தது சாந்தி ரங்கநாதன் அம்மா. வீட்டுக்காரர் குடியால சின்ன வயசுலயே இறந்துட்டார், அந்த துக்கத்தோட சமூகப்பணி படிச்சு, அமெரிக்காவுல மினசோட்டாவுல இருக்குற ஹேசல்டன் போதை மீட்பு மையத்துல பயிற்சி எடுத்து, 1980ல சென்னையில டிடிகே போதை மீட்பு மருத்துவமனையை நடத்துற அமைப்பை ஆரம்பிச்சாங்க. குடி ஒழுக்கக்கேடு இல்ல நோய்னு அப்ப சொன்னா சிரிப்பாங்க. குடும்பத்தையும் கூட உக்கார வெச்சுப் பேசினது, திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில கேம்ப் போட்டு ஊருக்குள்ளயே சிகிச்சை குடுத்ததுன்னு எல்லாமே பேச்சையும், அப்புறமும் விடாம கவனிக்கிறதையும் நம்பின வேலை. 1992ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவங்களுக்கு விருது குடுத்த நாட்டுல அதே வேலையைப் பாக்குற மத்தவங்களுக்கு நிரந்தர வேலை குடுக்க மனசு வரல, அதான் எனக்குப் புரியல.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்த சர்வே 2019ல வந்துச்சு, குடிக்கு அடிமையானவங்க 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைச்சிருக்காம். மீதி 37 பேர்ல பல பேர் கோயில்ல கயிறு கட்டுறாங்க, மாலை போடுறாங்க. கிண்டல் பண்ணல, மாலை போட்ட நாள்ல குடிக்காம இருக்குறது பெரிய விஷயம்தான். ஆனா மாலையைக் கழட்டின அன்னிக்கே "நான் நினைச்சா நிறுத்திருவேன், எனக்கு அடிமைத்தனம் எல்லாம் இல்ல"ன்னு ஒரு குவாட்டர்ல ஆரம்பிக்கிறவங்களை நாங்க நிறைய பாக்குறோம்.

டாஸ்மாக்ல 2023-24ல மட்டும் 45 ஆயிரம் கோடிக்கு மேல வருமானம். 2025ல கலங்கரைன்னு பேரு வெச்சு அரசு ஆஸ்பத்திரிகள்ல 25 போதை மீட்பு மையம் தொறந்தாங்க, மனசார வரவேற்கிறேன். மனநலச் சட்டம் 2017லயே மதுவால போதையால வர்ற மனநிலைப் பாதிப்பை மனநோய்ங்கிற வரையறைக்குள்ளதான் வெச்சிருக்கு, அதனால இது தர்மத்துக்குப் பண்ற வேலை இல்ல, நோயாளியோட உரிமை. அதுனால கேக்குறேன், அந்த மையங்கள்ல கவுன்சிலர் நிரந்தரப் பணியா, ஒப்பந்தமா? ஒருத்தர் தலையில எத்தனை நோயாளி? டிஸ்சார்ஜ் ஆகி ஆறு மாசம் கழிச்சு போன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு கேக்க தனியா ஆள் இருக்கா? உங்க நிருபர் அடுத்த தடவை போறப்ப படுக்கையை எண்ணிட்டு இதையும் கேக்கட்டும். தனியார் சென்டர்ல கேட்டைப் பூட்டி அடிச்சு திருத்துறோம்னு சொல்றவங்ககிட்டயும் மனநல ஆணையத்துல பதிவு இருக்கான்னு கேக்கட்டும், ஆள் பத்தாத இடத்துலதான் பிரம்பு வருது.

கடைசியா உங்ககிட்டயே ஒரு குறை. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்"னு விளம்பரம் வருதே, அதை நிறுத்துங்க சார். குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற டைசல்ஃபிரம் மாதிரி மாத்திரை தெரியாம உள்ள போய் அது மேல குடிச்சா பிரஷர் இறங்கி உயிரே போகலாம், டாக்டர் சொல்லி அவர் சம்மதிச்சு எடுத்தாத்தான் அது மருந்து. அந்த மாதிரி கலந்து குடுத்து ஆம்புலன்ஸ்ல வந்த குடும்பத்தை நான் பாத்திருக்கேன், அந்தம்மா கையில உங்க பேப்பர் மாதிரியே ஒரு கட்டிங் இருந்துச்சு. அந்த விளம்பரம் வர்ற இடத்துல அரசு மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446 ரெண்டு நம்பரையும் போடுங்க, ரெண்டுமே இலவசம்.

இப்படிக்கு,
ஒரு போதை மீட்பு கவுன்சிலர்,
திருச்சி