மிருகத்துக்கு முகம் தைத்தவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த உலக முடிவு பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இடைக்காலக் கிறிஸ்தவர்கள் உலகத்தையே சாத்தானின் ஆட்சி என்று நம்பினார்களாம். 1000ஆம் ஆண்டு நெருங்கியபோது ஐரோப்பா முழுவதும் உழவையும் வணிகத்தையும் விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருந்ததாம். கூடவே ஏழு தலை மிருகம் செங்கோல் வாங்கும் படம் ஒன்று. அதன் அடியில் '1000ஆம் ஆண்டின் பீதி' என்ற குறிப்பு. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவள் நான். வேதாகமத்தை அதைவிட நெடுங்காலமாக வாசித்துவருகிறவள். மூன்றுமே தவறு என்பதால் எழுதுகிறேன்.

முதலில் படம். அது பிரான்ஸின் ஆன்ஜே கோட்டையில் இருக்கும் திரைச்சீலையின் ஒரு பகுதி. உலக முடிவைச் சொல்லும் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைக் கம்பளி நூலில் காட்சி காட்சியாக நெய்திருக்கிறார்கள். ஆன்ஜூ கோமகன் முதலாம் லூயி 1370களில் நெய்யச் செய்தது. எஞ்சியிருப்பது மட்டுமே ஏறத்தாழ 100 மீட்டர் நீளம். 1000ஆம் ஆண்டில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கூட அது தெரிந்திருக்க முடியாது.

அடுத்து, அந்த 1000ஆம் ஆண்டு. பயமே இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பிரான்ஸின் ஃப்ளூரி மடத்தின் தலைவராக இருந்த அபோ, தம் இளமையில் பாரிஸ் ஆலயம் ஒன்றில் கேட்ட பிரசங்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆயிரம் ஆண்டு நிறைந்ததும், முடிவுக் காலத்தில் கிறிஸ்துவை எதிர்த்து எழும் அந்திக்கிறிஸ்து வருவான், அதன்பின் நியாயத்தீர்ப்பு என்று போதகர் சொன்னார். அபோ அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சுவிசேஷங்களையும் தானியேலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் எடுத்துவைத்து மறுத்தார். பெரிய வெள்ளியும் மரியாளுக்குத் தேவதூதன் செய்தி சொன்ன திருநாளும் ஒரே நாளில் வந்தால் உலகம் முடியும் என்று லொத்தரிங்கியா நாட்டில் பரவிய வதந்தியையும் அவர் எதிர்க்க வேண்டியிருந்தது. 992இல் அவை இரண்டும் ஒரே நாளில் வரவும் செய்தன. ஆக, அச்சம் இங்கும் அங்கும் இருந்தது. அதை மறுத்த படிப்பாளிகளும் இருந்தார்கள். கண்டம் முழுவதும் வேலையைப் போட்டுவிட்டு முடங்கிக் கிடந்தது என்ற சித்திரத்தை 19ஆம் நூற்றாண்டில் பரப்பியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மிஷ்லே. அக்காலத்துத் துறவி ரால்ஃப் கிளாபரோ, 1003ஐ ஒட்டி எங்கு பார்த்தாலும் புதிய ஆலயங்கள் எழும்பின, பூமி வெள்ளை அங்கி உடுத்திக்கொண்டது போலிருந்தது என்கிறார். அழிவை மறுநாள் எதிர்பார்ப்பவர்கள் கல் சுமந்து கோயில் கட்டுவார்களா?

காலக்கணக்குப் போடுவதைத் திருச்சபை நெடுநாளாகவே விரும்பியதில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் திருச்சபையின் பெரும் போதகரான அகஸ்டின், இத்தனை ஆண்டு மிச்சம் என்று விரல்விட்டு எண்ணுகிறவர்களை நோக்கி, "காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல" என்ற வசனம் அவர்களுடைய விரல்களைத் தளர்த்தி ஓய்வு கொடுக்கச் சொல்கிறது என்று எழுதினார். வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் கிறிஸ்துவின் ஆயிரம் ஆண்டு அரசாட்சியையும் அவர் நாள்காட்டிக் கணக்காகக் கொள்ளவில்லை.

உலகம் சாத்தானின் ஆட்சி என்ற பேச்சுக்கு வருகிறேன். தீமை பற்றி இடைக்காலத் திருச்சபை கற்பித்ததும் பெரும்பாலும் அகஸ்டினிடமிருந்தே வந்தது. இளமையில் சுமார் ஒன்பது ஆண்டுகள் அவர் மானிக்கேயர்களோடு இருந்தவர். ஒளிக்கு ஒரு சக்தி, இருளுக்கு ஒரு சக்தி, இரண்டும் போரிடுகின்றன என்பது அவர்கள் கொள்கை. அதை விட்டு வெளியே வந்த அகஸ்டின், தீமைக்குத் தனியாக ஓர் இருப்பே இல்லை, நன்மை குறைந்துபோன இடமே தீமை என்றார். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பொதுச் சபையும், பிசாசுகள் கடவுளால் நல்லவையாகவே படைக்கப்பட்டன, தாங்களாகவே கெட்டன என்று முதல் விதியிலேயே எழுதிவைத்தது. உலகம் சாத்தானின் ஆட்சி என்பதற்கு நேர் எதிரான போதனை இது. பொருளுலகைத் தீய தெய்வம் படைத்தது என்று நம்பியவர்கள் தெற்கு பிரான்ஸின் கத்தார்கள். அவர்களைத் திருச்சபை வாதத்தால் மட்டும் எதிர்க்கவில்லை என்பதையும் நான் மறைக்கக் கூடாது. 1244இல் மான்செகூர் மலையடிவாரத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் தீயில் மாண்டார்கள்.

இதை எழுதும்போது மனம் கனக்கிறது. தீமைக்கு உருவமில்லை என்று கற்பித்தவர்களே அதற்கு ஒரு முகம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கட்டுரை தொட்டிருக்க வேண்டிய இடம் இதுதான். சுமார் 950இல் ராணி கெர்பெர்கா கேட்டதற்கு விடையாக, அட்ஸோ என்ற துறவி அந்திக்கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாற்றையே கடிதமாக எழுதிக்கொடுத்தார். அவன் யூதரில் தாண் கோத்திரத்தில் பிறப்பான், பாபிலோனில் பிறப்பான் என்றெல்லாம் அதில் இருந்தது. அக்கடிதம் நூற்றாண்டுக்கணக்கில் பிரதியெடுத்துப் படிக்கப்பட்டது. 1239இல் போப் ஒன்பதாம் கிரகோரி, புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக்கையே, வெளிப்படுத்தின விசேஷத்தில் கடலிலிருந்து எழும் மிருகம் என்று கடிதம் எழுதி அறிவித்தார். பேரரசர் தரப்பு போப்பை அந்திக்கிறிஸ்து என்றது. கலாப்ரியாவின் மடாதிபதி யோவாக்கிமின் சீடர்கள், பழைய யுகம் முடியும் ஆண்டாக 1260ஐக் குறித்துவைத்திருந்தார்கள். அவர்கள் அந்திக்கிறிஸ்து என்று எண்ணியிருந்த ஃபிரடெரிக் 1250இலேயே இறந்துபோனார். அக்கணக்கை நம்பியிருந்த சாலிம்பேனே என்ற துறவி, 1260ம் கடந்த பிறகு அந்தப் போதனையை அடியோடு விட்டுவிட்டதாகவும், இனிக் கண்ணால் கண்டதையே நம்புவதாகவும் எழுதினார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

ஆன்ஜே திரைச்சீலைக்கே திரும்பிப் பாருங்கள். வலுசர்ப்பம், அதாவது சாத்தான், மிருகத்திடம் நீட்டும் செங்கோலின் உச்சியில் லில்லி மலர் இருக்கிறது. அது பிரெஞ்சு அரச குலத்தின் சின்னம். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் பிரெஞ்சுச் சிம்மாசனம் தனக்கே என்று 1340இல் உரிமை கொண்டாடி, அந்த லில்லியைத் தன் கேடயத்தில் பொறித்துக்கொண்டவர். மிருகத்தின் கையில் லில்லியைப் பார்த்தவர்களுக்கு அவர் நினைவு வந்திருக்கும் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

மன்னர்கள் இப்படி ஒருவரையொருவர் மிருகம் என்று அழைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் படை இருந்தது. படையில்லாதவர்களுக்கு நேர்ந்தது வேறு. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யூதர்களை அவர்களுடைய கல்லறைத் தோட்டத்திலேயே கூட்டி வைத்து எரித்தார்கள். கிணறுகளில் விஷம் கலந்து கொள்ளைநோயைப் பரப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. அன்றைக்கு அந்த நகருக்குக் கொள்ளைநோய் வந்திருக்கவே இல்லை. அவர்களிடம் வாங்கிய கடன்கள் ரத்தாயின. யூதர்களும் இதே நோயில் சாகிறார்கள், யூதர்களே இல்லாத நாடுகளிலும் இது பரவுகிறது என்று போப் ஆறாம் கிளமென்ட் முந்தைய ஆண்டே ஆணை எழுதியிருந்தார். சந்தையில் நின்று கேட்கும் எவருக்கும் புரியக்கூடிய நியாயம் அது. எத்தனை நகரங்கள் கேட்டன? நாள்காட்டியைப் பார்த்து நடுங்கிய ஒரு கூட்டத்தைப் படம் போட்டுக் காட்டுவதைவிட, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து நடுங்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட இந்த ஊரைக் காட்டியிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

திரைச்சீலையைப் பற்றி இன்னொன்று. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதைத் துண்டாக்கினார்கள். சில துண்டுகள் பனிக்காலத்தில் ஆரஞ்சு மரங்களுக்குப் போர்வையாகவும், சில குதிரை லாயத்திலும் பயன்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் கிடைத்த துண்டுகளைத் தேடிச் சேர்த்துத் தைத்தார்கள். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பொருளுக்குச் சரியான பெயராவது இருக்கட்டும். அடுத்த இதழில், 'ஆன்ஜே திரைச்சீலை, பிரான்ஸ், 1370கள்' என்று ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை