கரைச்சல்காரன் என்று கோப்பில் எழுதுமுன்

கைதிகளை எந்தச் சிறையில், எந்தப் பிரிவில் வைப்பது என்று கையெழுத்திடும் உத்தியோகத்தர்களுக்கு,

வணக்கம். தமிழ் பேசும் கைதிகளுக்கு உளவளத்துணையாளராகப் பல வருடங்கள் சிறைகளுக்குப் போய் வந்தவன் நான். இப்போது ஓய்வில், கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன்.

சண்டை பிடிக்கிற, காவலரை அடிக்கிற, தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிற ஆட்களுக்குத் தனியாக ஒரு சிறு பிரிவு வேண்டும் என்று உத்தியோகத்தர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். நானும் அதைத்தான் கேட்கிறேன். எட்டுப் பத்துப் பேருக்கு மேல் போகாத பிரிவு, அதற்கென்றே பயிற்றப்பட்டு அங்கேயே நிலைத்து நிற்கிற காவலர்கள். ஆனால் அதற்குள் யாரை அனுப்புவது என்பதை இப்போது இடமாற்றக் கடிதம் எழுதுகிற மாதிரி எழுதி முடிப்பதென்றால், அப்படியொரு பிரிவைத் திறக்காமலே விட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தச் சிறை என்று எழுதப் போவதில்லை.

வடக்கிலிருந்து வந்த ஆள், ஆயுள் தண்டனை. அவரைப் பார்க்கும்படி என்னைக் கூப்பிட்ட நாளில் அவருடைய கோப்பு இரண்டு விரல் தடிப்பு இருந்தது. முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் சிங்களத்தில் ‘கரதரகாரயா’ என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பேச்சில் கரைச்சல்காரன். உள்ளே பதினொரு சம்பவ அறிக்கைகள். தட்டால் அடித்தார், எண்ணும்போது குந்த மறுத்தார், காவலரின் சட்டையைப் பிடித்தார். அவர் என்ன செய்தார் என்பது பதினொன்றிலும் இருந்தது. அதற்கு முன் என்ன நடந்தது என்பது ஒன்றில்கூட இல்லை.

திகதிகளை மட்டும் கொப்பியில் குறித்துக்கொண்டு வந்து, வீட்டில் பழைய கலண்டர்களை விரித்து வைத்து வட்டம் போட்டேன். சம்பவத்துக்குச் சிவப்பு, இடமாற்றத்துக்குப் பச்சை. பதினொரு சிவப்பில் ஒன்பது, பச்சை வட்டத்திலிருந்து பத்து நாளுக்குள் விழுந்தன. சண்டை பிடித்தார் என்று மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய இடத்தில் மறுபடி சண்டை.

அடுத்த முறை போனபோது ஒரு படிவத்தின் பின்பக்கத்தைக் கொடுத்து, “தம்பி, நீர் படுக்கிற இடத்தைக் கீறிக் காட்டும்” என்றேன். நீட்டாக ஒரு பெட்டி கீறி, ஆட்களுக்குக் கோடுகள் போட்டார். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மூலையில் கக்கூஸ் வாசலில் ஒரு கோட்டைப் போட்டு, பேனாவால் திரும்பத் திரும்ப அதையே அழுத்தினார்.

“புதுசா வாறவனுக்கு இதுதான் ஐயா. இரவு முழுக்கக் காலால மிதிச்சுக்கொண்டு போவினம். பழசானாத்தான் சுவர்ப் பக்கம் கிடைக்கும். நான் பழசாக முதல் மாத்திப்போடுறாங்கள்.”

அதற்கு முந்திய வருடம் ஒரு மருத்துவர் அவரை மதிப்பிட்டிருக்கிறார். மொழிபெயர்த்தது இன்னொரு கைதி. கோபம் வந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டதற்கு இவர் “எனக்கு விசர் வரும்” என்று சொன்னாராம். எரிச்சல் பட்ட எந்தத் தமிழனும் ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்லுகிற வார்த்தை அது. மொழிபெயர்த்தவர் அதைச் சிங்களத்தில் ‘பிஸ்ஸு’ என்று சொல்லியிருக்க வேண்டும். தனக்குப் பைத்தியம் பிடிப்பதாகக் கைதியே ஒப்புக்கொண்டார் என்று அறிக்கையில் பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் அந்த வரியையே பிரதிபண்ணியிருந்தார்கள்.

கலண்டரில் ஒரேயொரு பச்சை வட்டத்துக்குப் பின்னால் சிவப்பு இல்லை. அந்தச் சிறையில் அவரைப் பார்த்துக்கொண்ட சிங்களக் காவலரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். ஓய்வு பெறுகிற வயது. “முதல் கிழமை முழுக்க நாலு மணிக்கு என் கதிரைக்குப் பக்கத்தில் இருத்தி ஒரு பிளேன்டீ கொடுத்தேன். படுக்கிறதுக்கும் வாசலைவிட்டுத் தள்ளி இடம் பார்த்துக் கொடுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை” என்றார். அந்த ஆளைப் பற்றி யாரும் எடுத்த மதிப்பீடுகளில் ஆகச் சரியானது இதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். கோப்பில் அதற்கு இடம் இருக்கவில்லை.

இந்த ராட்டினத்தை இங்கிலாந்திலும் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். அடங்காத நீண்டகாலக் கைதிகளைச் சிறைக்குச் சிறை தூக்கிப் போட்டுக் களைத்த பிறகுதான், 1984இல் ஒரு குழு சிறு சிறப்புப் பிரிவுகளைப் பரிந்துரைத்தது. அடுத்த வருடமே பார்க்கேர்ஸ்ட் சிறையில் ஒன்று தொடங்கினார்கள். வன்முறையோடு மனக்குழப்பமும் சேர்ந்த ஆட்களுக்கானது அது. 1998இல், மிக ஆபத்தான கைதிகளுக்கென்று நெருங்கிய கண்காணிப்பு நிலையங்கள் என்ற அமைப்பு வந்தது. அங்கே ஒருவரை வைத்திருக்கும் உத்தரவு ஒரு மாதத்துக்குத்தான் செல்லும், நீடிப்பதென்றால் மறுபடி உத்தரவு வேண்டும் என்று அவர்களின் சிறைவிதி 46 சொல்கிறது. ஸ்கொட்லாந்தில் இன்னும் முன்னதாக, 1973இல், பார்லினி சிறையில் ஒரு சிறு பிரிவைத் திறந்து, மிகப் பயங்கரமானவர்கள் என்று பெயரெடுத்தவர்களைக் காவலர்களோடு ஒன்றாக இருத்திக் கூட்டம் வைத்தார்கள். யார் என்ன பிழை விட்டார்கள் என்பதை முகத்துக்கு நேரே பேசிக்கொண்டார்கள். அங்கே சிற்பியானவர்களும் இருக்கிறார்கள். பிறகு அந்தப் பிரிவு மூடப்பட்டது, அதன் மேல் குறையும் சொன்னார்கள். ஆனாலும் அங்கிருந்து நாம் எடுக்கக்கூடியது ஒன்று உண்டு. ஆளைப் பக்கத்தில் இருந்து பார்க்காமல் அங்கே யாரும் யாரையும் மதிப்பிடவில்லை.

புள்ளி போடுகிற கருவிகளையும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரக்கமோ குற்றவுணர்வோ இல்லாத ‘சைக்கோபதி’ என்ற ஆளுமையை அளக்கக் கனடிய உளவியலாளர் ரொபர்ட் ஹெயார் செய்த பட்டியல் பல நாடுகளில் பாவனையில் இருக்கிறது. 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 40 புள்ளி. பயிற்சி பெற்றவர் நீண்ட நேர்காணல் எடுத்து, கோப்பையும் ஒப்பிட்டுப் போட வேண்டிய புள்ளி அது. கோப்பே ‘கரதரகாரயா’ என்று தொடங்கினால், நேர்காணலை இன்னொரு கைதி மொழிபெயர்த்தால், வருகிற எண்ணை வைத்து என்ன செய்வீர்கள்? சிங்களமும் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிகள். தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற கேள்விக்குத் தன் மொழியில் பதில் சொல்வது ஒருவருக்குச் சலுகை அல்ல.

உள்ளே இருந்துகொண்டு போதைப்பொருள் வியாபாரம் நடத்துகிறவரையும், இரவில் தலையைச் சுவரில் அடித்துக்கொள்கிறவரையும் கரைச்சல் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதையும் நிறுத்துங்கள். முதலாமவருக்குப் பூசா மாதிரி உயர் பாதுகாப்புச் சிறை இருக்கிறது. உண்மையிலேயே நோயாளியாக இருப்பவர் போக வேண்டியது அங்கொடை மனநல நிறுவகத்துக்கு. நான் கேட்கிற சிறு பிரிவு இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துபோகிறவர்களுக்கு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தனிப் பிரிவு என்று கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு அடைக்கும். 1983 ஜூலை 25ஆம் திகதி வெலிக்கடையில் 35 தமிழ்க் கைதிகளும், இரண்டு நாள் கழித்து அதே சிறையில் இன்னும் 18 பேரும் கொல்லப்பட்டார்கள். அவர்களும் பிரித்து வைக்கப்பட்டிருந்தவர்கள்தான். பொரளையில் பேஸ்லைன் வீதியால் பஸ்ஸில் போகும்போது இன்றைக்கும் அந்த மதிலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்புகிற கிழவிகளை எனக்குத் தெரியும். வெளியார் கண் படாத இடத்தில் ஒரு பிரிவைத் திறந்தால் எங்களில் ஒருவரும் அதை வைத்தியம் என்று நம்பப் போவதில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவினர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கட்டும். 2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள், ஒருவரை நாளுக்கு 22 மணித்தியாலமோ அதற்கு மேலோ அர்த்தமுள்ள மனிதத் தொடர்பில்லாமல் அடைப்பதைத் தனிமைச் சிறை என்கின்றன. அது தொடர்ந்து 15 நாளைத் தாண்டக்கூடாது. சிறு பிரிவு என்று பெயர் வைத்துவிட்டு இதைத் தாண்டினால் அது பழைய இருட்டறைதான்.

ஆகவே, ஒருவரை அங்கே அனுப்புமுன், அவரோடு தினமும் நிற்கிற காவலர் எழுதிய ஒரு பக்கம் கோப்பில் இருக்க வேண்டும். இவர் யாரோடு அமைதியாக இருக்கிறார், எப்போது, எதற்குப் பிறகு குழம்புகிறார் என்பதை அவரைவிட ஒருவருக்கும் தெரியாது. உளவியலாளரோ மருத்துவரோ ஒரே நாளில் பார்த்து முடிக்காமல் சில கிழமைகள் வந்து போக வேண்டும். கைதியிடமே காரணத்தைச் சொல்லி, அவர் மறுத்துச் சொல்வதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, திரும்பி வருகிற வழி. என்ன மாறினால் வெளியே வரலாம் என்பதை உள்ளே போகிற அன்றே அவருக்கு அவர் மொழியில் எழுதிக் கொடுங்கள். மாதா மாதம் அதே தாளை எடுத்து வைத்துப் பாருங்கள்.

அந்த ஆளை அதற்குப் பிறகும் இரண்டு தரம் மாற்றினார்கள். நான் எழுதிக் கொடுத்த நாலு பக்க அறிக்கை கோப்பில் சேர்ந்ததா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கலண்டர்களும், அவர் கீறித் தந்த படமும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கக்கூஸ் வாசல் கோட்டில் பேனா அழுத்தித் தாள் கிழிந்திருக்கிறது. உங்களில் யாராவது அரை மணித்தியாலம் ஒதுக்கித் தந்தால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உளவளத்துணையாளர் ஒருவர்,
கொழும்பு 13